மூன்று நாள் பத்தியம்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், நெய்வேலி இருபத்தோராம் பிளாக்கில் தனகோட்டி வீட்டு கேட்டுக்கு வெளியே நாலு பேராவது மஞ்சள் கண்ணோடு நின்றுகொண்டிருப்பார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறவர்கள், டூவீலரில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து வருகிறவர்கள், சேத்தியாத்தோப்பிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர்கள். எல்லோரும் வெறும் வயிற்றோடு வரவேண்டும். ஒரு வாய் காபி குடித்துவிட்டு வந்தவனைக்கூட தனகோட்டி அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். "மருந்துக்கு மரியாதை தெரியாதவனுக்கு மருந்து எதுக்கு?" என்பார். வாயைத் திறந்தால் அவருக்கு அப்படித்தான் விழும். ஆனால் யாரிடமும் கை நீட்டிக் காசு வாங்கமாட்டார். வாங்கினால் மருந்து பலிக்காது என்று அவருடைய அப்பா சொல்லிவைத்தது.

மருந்து ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. பின்பக்கக் குழாயடியில் தண்ணீர் கசிகிற இடத்தில் தானாக முளைத்துக் கிடக்கும் கீழாநெல்லி. வேரோடு பிடுங்கி அலசி, அம்மியில் அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு உருட்டி மோரில் கலக்கிக் கொடுப்பார். மருந்தைவிட பத்தியம்தான் கடுமை. மூன்று நாளைக்கு உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, இங்கிலீஷ் மாத்திரை கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஊசி கூடவே கூடாது. "காமால ஒடம்புல ஊசி எறங்குச்சின்னா உயிரு தங்காது, சொல்லிட்டேன்" என்று விரலை ஆட்டுவார். இருபத்தைந்து வருஷமாக இதுதான் நடந்தது. குணமாகிப் போனவர்களுக்குக் கணக்கே கிடையாது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மருந்தே கொடுக்காவிட்டாலும் அது தானாக இறங்கியிருக்கும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் கேட்கிற ஆளா அவர்!

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரைக்கிற கை நடுங்கியது. கேட்டில் நின்ற செந்தாமரை என்கிற பெண்ணுக்குக் கொடுத்த மோரில் பாதி கீழே சிந்தியது. பாவம், மகனைப் பறிகொடுத்த மனுஷன், அந்த நினைப்பில் நடுங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் மிச்சத்தை வாங்கிக் குடித்தாள். அவர் நடுங்கியது அதனால் இல்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் மகனின் சிநேகிதன் ஆனந்த்ராஜ் வந்துவிடுவான். மகன் விஜயராஜின் பையைக் கொண்டுவருகிறான். பையோடு விஜயராஜின் ஃபோனும் வருகிறது.

அந்த ஃபோனுக்குள் தனகோட்டியின் குரல் இருக்கிறது. அது மருமகள் அன்புக்கரசியின் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் நாலு மாசமாக அவரைத் தின்றுகொண்டிருந்தது.

தனகோட்டி மைன்ஸில் பெல்ட் ஃபிட்டர். பர்மனென்ட். மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடுகிற கன்வேயர் பெல்ட்டில் ரோலர் மாற்றுவது வேலை. ஓடுகிற பெல்ட்டில் கையைக் கொடுத்தால் தோள்வரை இழுத்துக்கொள்ளும். அதனால் பெல்ட்டை நிறுத்தி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவி தன் சட்டைப் பைக்கு வந்த பிறகுதான் தனகோட்டி குனிவார். "பூட்டியாச்சிண்ணே" என்று யார் சொன்னாலும் நம்பமாட்டார். தானே நடந்துபோய் பூட்டை இழுத்துப் பார்ப்பார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பேர் பூட்டு தனகோட்டி. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு விரலில் ஒரு கீறல் கிடையாது. அப்பேர்ப்பட்ட ஆள் சொந்த மகன் விஷயத்தில் பூட்டை இழுத்துப் பார்க்கவில்லையே, அதைச் சொல்ல வருகிறபோதுதான் நமக்கே வயிறு எரிகிறது.

மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் இருந்தது மகன் விஜயராஜ், மருமகள் அன்புக்கரசி, நாலு வயசுப் பேத்தி காயத்ரி. விஜயராஜ் பொக்லைன் ஆப்பரேட்டர். நல்ல கை. ஆனால் ஒன்பது வருஷமாக கான்ட்ராக்ட். "எத்தினி நாளுக்குடா இப்படியே இருப்ப?" என்று சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் கேட்டது வேறு யாருமில்லை, தனகோட்டிதான். கேட்டுக் கேட்டு அவனும் ஒரு ஏஜெண்டைப் பிடித்து, ஆப்பிரிக்காவில் ஒரு சுரங்கத்தில் வேலை வாங்கிவிட்டான். அந்த நாட்டின் பேர் தனகோட்டி வாயில் கடைசிவரை ஒழுங்காக நுழையவே இல்லை. அவருக்கு அது ஆப்பிரிக்கா, அவ்வளவுதான்.

அந்த நாட்டுக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு ஊசி. ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும். போட்டதற்கு அடையாளமாக மஞ்சள் நிறத்தில் ஒரு அட்டை கொடுப்பார்கள். ஆனால் போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அந்த அட்டை செல்லும். சென்னையில் அரசு மையத்தில் விஜயராஜுக்கு ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதிதான் எமனாக வந்து வாய்த்தது. சொந்த ஊரில் திரௌபதியம்மன் தீமிதி அதே நாள். நல்லபடியாக வேலை கிடைத்தால் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, விஜயராஜ் அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே கையில் காப்புக் கட்டியிருந்தான். காப்புக் கட்டியவன் ஊர் எல்லை தாண்டக்கூடாது. வேலை கொடுத்த அம்மனை விட்டுவிட்டு ஊசிக்கு ஓடுவதா என்று அவனும் போகவில்லை, போ என்று யாரும் சொல்லவுமில்லை. அடுத்த தேதி கேட்டால் பத்து நாள் கணக்கு இடிக்கிறது. விமானம் அதற்குள் போய்விடும்.

"அதெல்லாம் ஒரு விஷயமா? அட்டை நான் தர்றேன்" என்றான் ஏஜெண்ட். தந்தும் விட்டான்.

அந்த அட்டையை விஜயராஜ் வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினான். தனகோட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு தேதியைப் பார்த்தார். தீமிதி அன்றைக்குத் தேதி. மகன் வேப்பிலையும் கையுமாக நெருப்பில் நடந்த அதே மத்தியானம் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டதாக அட்டை சொல்கிறது. மகன் முகத்தைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். இன்னும் அஞ்சு நாளில் விமானம். இப்போது வாயைத் திறந்தால் வேலை போய்விடும், இன்னொரு ஒன்பது வருஷம் கான்ட்ராக்ட். அவர் அட்டையைக் கவரில் போட்டு, "பத்திரமா வெச்சிக்க" என்று மட்டும் சொன்னார். அடப்பாவி மனுஷா! பெல்ட்டுக்கு ஒரு நியாயம், பிள்ளைக்கு ஒரு நியாயமா?

போய் ஐந்து மாசம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் காய்ச்சல் என்றான். உடம்பெல்லாம் முறிக்கிறது என்றான். நாலாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, வேலைக்குக்கூடப் போனான். மறுநாள் திரும்ப அடித்தது. அப்போதுதான் அப்பாவுக்கு மட்டும் ஒரு போட்டோ அனுப்பினான். தன் கண்ணைத் தானே எடுத்த போட்டோ. எலுமிச்சம்பழ நிறத்தில் கண். காமாலை என்றால் அப்பாவைவிட யாருக்குத் தெரியும்?

தனகோட்டிக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். செகண்ட் ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். மனைவி அன்புக்கு விஜயராஜ் எழுதியது வேறு. "லேசா ஜொரம். ரெஸ்ட்ல இருக்கேன். ஃபோன் பண்ணாத, தூங்கறேன்" என்று எழுத்தில்தான் வந்தது. அதற்கப்புறம் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. நாலாம் நாள் ஆனந்த்ராஜ் பேசினான். அவனும் நெய்வேலிதான், பத்தொன்பதாம் பிளாக், விஜயராஜோடு ஒரே அறையில் இருந்தவன். "அன்பு... விஜி போயிட்டான்மா" என்றான்.

வந்தது காமாலை இல்லை, மஞ்சள் காய்ச்சல். கொசு கடித்து வருவது. அந்தப் பக்கம் அப்போது நாலைந்து ஊரில் பரவியிருந்ததாம். உடலை அனுப்ப வழியில்லை, அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்று தகவல் வந்தது. முகம் பார்க்காமல், மண் தள்ளாமல், ஒரு போட்டோவுக்கு மாலை போட்டுப் பதினாறாம் நாள் காரியம் முடித்தார்கள்.

சேதி வந்த அன்றைக்கே தனகோட்டி குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தன் ஃபோனில் இருந்த மகனுடைய பேச்சு அத்தனையும் அழித்தார். தன் குரலை அழிக்கத்தான் போனார். அவசரத்தில் எதை அழுத்தினாரோ, தன்னுடையதோடு சேர்ந்து மகன் குரலும் போய்விட்டது. "சரிப்பா" என்று அவன் கடைசியாகப் பதில் பேசி அனுப்பியிருந்தான். அதுவும் போயிற்று. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார்.

அன்பு கேட்காமல் இருந்தாளா? "மாமா, உங்க ஃபோன்ல அவரு பேசினது எதனா இருக்குதா? கடைசியா எங்கிட்ட ஒரு வார்த்த கூட வாயத் தொறந்து பேசலியே" என்று எத்தனை தடவை கேட்டிருப்பாள்! "ஃபோனு ரிப்பேராயிடிச்சிம்மா, எல்லாம் போயிடுச்சி" என்று ஒவ்வொரு தடவையும் அதே பொய்யைச் சொன்னார். பதினாறு முடிந்த கையோடு ஞாயிற்றுக்கிழமை மருந்தையும் ஆரம்பித்துவிட்டார். நிறுத்தினால் ஏன் நிறுத்தினீர்கள் என்று நாலு பேர் கேட்பார்களே, அந்தப் பயம்தான். பச்சிலை வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் அரைத்தார்.

ஆனந்த்ராஜ் எட்டு மணிக்கு வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். தோளில் விஜயராஜின் நீலப் பை. அன்பு வாசலுக்கு ஓடிவந்து பையைத்தான் முதலில் வாங்கினாள், குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும். வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஆனந்த்ராஜ் கதவுப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பையில் மூன்று பேன்ட், நாலு சட்டை, பூட்ஸ், சாப்பிடாமல் மிச்சம் வைத்திருந்த ஊறுகாய் பாட்டில், ஒரு துணிப் பொம்மை. அதை ஆனந்த்ராஜ் எடுத்து காயத்ரியிடம் நீட்டினான். "அப்பா வாங்கிவெச்சது பாப்பா" என்றான். விஜயராஜ் எங்கே வாங்கினான்! வாங்கியது இவன்தான். எதற்காக வாங்கினான் என்பது கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சட்டைகளுக்கு நடுவே மஞ்சள் அட்டை இருந்தது. அன்பு அதைப் புரட்டிப் பார்த்தாள். பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"அண்ணா, இந்தத் தேதியில இவரு ஊர்லதான இருந்தாரு? தீ மிதிச்சாரே. நான்தான பாப்பாவ வெச்சிகினு பக்கத்துல நின்னேன்?"

ஆனந்த்ராஜ் தனகோட்டியைப் பார்த்தான். தனகோட்டி காலண்டரைப் பார்த்தார்.

"ஊசி போடாமலே வாங்கினதும்மா அது" என்றான் ஆனந்த்ராஜ். "எங்க பேட்ச்ல பாதி பேரு அப்படித்தான். நான் ஒண்ணும் புத்திசாலி இல்ல. எனக்கு டிக்கெட்டு ஒரு வாரம் தள்ளிப் போயிடுச்சி. ஏஜெண்டுக்கு ஃபோன் போட்டுப் பாத்தேன், எடுக்கல. செரி போன்னு சென்னைக்குப் போயி வரிசைல நின்னு போட்டுகினு வந்தேன். ஒரே ரூமு, ஒரே கொசு. எனக்கு ஒண்ணும் வரல. அவனுக்கு வந்துடுச்சி. அங்க டாக்டரே சொன்னாரு, அந்த ஒரு ஊசி போட்டிருந்தா இது கிட்டயே வந்திருக்காதுன்னு."

அன்பு அட்டையை மடித்துப் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தாள். "வந்த பின்னால உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா?"

"வந்துட்டா அதுக்குன்னு தனியா மருந்து கெடையாதாம். ஆனா சீக்கிரமா சேத்து, குளுகோஸ் கிளுகோஸ் ஏத்தி, ஒடம்பத் தாங்கிப் புடிச்சா பொழைக்கறவங்க பொழைக்கறாங்களாம். நாங்க..." என்று நிறுத்திக்கொண்டான். பிறகு, "கொஞ்சம் லேட்டாயிடுச்சிம்மா" என்று முடித்தான்.

அவன் என்னத்தை விழுங்கினான் என்று தனகோட்டிக்குத் தெரிந்தது. அன்பு அழுதுகொண்டே காபி போட உள்ளே போனாள். ஆனந்த்ராஜ் தனகோட்டியின் முழங்கையைத் தொட்டு, "அப்பா, கொஞ்சம் பின்னால வாங்க" என்றான்.

பின்பக்கக் குழாயடியில், கீழாநெல்லிச் செடிகளுக்கு நடுவே நின்று அவன் பேன்ட் பையிலிருந்து விஜயராஜின் ஃபோனை எடுத்தான். திரையில் ஒரு மூலையில் விரிசல்.

"சார்ஜ் போட்டுத்தான் கொண்டாந்தேன். லாக்கு எனக்குத் தெரியும். உள்ள இருக்கறத நானும் கேட்டுட்டேம்பா. அன்னைக்கு நான் வண்டி கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டு, வாடா ஆஸ்பத்திரிக்குன்னு கெஞ்சறேன். அப்பா மூணு நாளு சொல்லியிருக்காரு, அவருக்குத் தெரியாதாடான்னு சொல்றான். தூக்கினு போலாம்னு பாத்தேன், கத்தறான். மூணாம் நாளு கருப்பா வாந்தி எடுத்த பிறகு தூக்கினு போனேன். நீங்க வேணும்னா பண்ணீங்க? எனக்குத் தெரியாதா? அதான், அன்பு கைல குடுக்கறதுக்கு முன்னாடி உங்கள ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு. சொன்னீங்கன்னா அழிச்சிடறேன். ஒருத்தருக்கும் தெரியாது."

தனகோட்டி பின்கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "என்னுது மட்டும் அழிக்க முடியுமா? அவம் பேசினது இருக்கட்டுமே."

"அவம் பேசினதுலயும் அது வருதேப்பா. நீங்க சொன்ன மாதிரியே இருக்கேன்னு சொல்றான். ரெண்டையும் சேத்துத்தான் எடுக்கணும்."

நாலு மாசமாகக் கேட்க ஏங்கிய குரல் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அது இருந்தால் இவர் மாட்டிக்கொள்வார். இவர் தப்பிக்க வேண்டுமானால் அது போகவேண்டும். உள்ளே அன்பு டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது.

"அழிச்சிடு" என்றார்.

ஆனந்த்ராஜ் விரலை வைத்தான். "இரு, இரு" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார் தனகோட்டி. "ஒரே ஒரு தடவ போடு. கேட்டுட்டு அழிச்சிடலாம். அவம் பேசினத மட்டும். சத்தத்தக் கொறச்சி வை."

குறைத்துத்தான் வைத்தான். ஆனால் பெற்றவனுக்குக் காது போதவில்லை. "கேக்கலடா" என்று ஃபோனை வாங்கித் தானே சத்தத்தை ஏற்றிக்கொண்டார்.

"சரிப்பா" என்றான் விஜயராஜ். குழாயடி முழுக்க அவன் குரல். "நீங்க சொன்ன மாதிரியே மோர்சோறு சாப்புட்டுகினு படுத்திருக்கேன். ஆனந்து வண்டி கொண்டாந்து நிக்கறான். ஊசி போட்டுக்க மாட்டேன், வரலன்னு சொல்லிட்டேன். வாயிதான் குமட்டிகினே இருக்கு. அன்புகிட்ட சொல்லாதீங்க, பயந்துக்குவா. வேல வேணாம், கெளம்பி வான்னு அழுவா. பாப்பாகிட்ட மட்டும், அப்பா வர்றப்ப பொம்ம வாங்கியாரேன்னு சொல்லுங்க. தூக்கம் தூக்கமா வருதுப்பா. வெச்சிடட்டா?"

பின்கதவு அடித்துத் திறந்தது. அந்தக் குரலை ஆயிரம் குரலில் அடையாளம் கண்டுபிடிப்பாள் அன்பு. கையில் காபி டம்ளரோடு ஓடிவந்தவள் டம்ளரைத் துணி துவைக்கிற கல்லில் வைத்துவிட்டு, தனகோட்டி கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டாள். அவர் பிடியைத் தளர்த்தினார். வேறு என்ன செய்வார்?

மறுபடி போட்டுக் கேட்டாள். கேட்டுக்கொண்டே கல்லின்மேல் உட்கார்ந்தாள். மூன்றாம் முறை கேட்கும்போது அழுகை நின்றிருந்தது.

"சொன்ன மாதிரியேன்னா? யாரு என்னா சொன்னாங்க?" என்றாள். திரையை மேலே தள்ளினாள். "மேல ஒண்ணு இருக்கே" என்று அதைத் தொட்டாள்.

தொண்டையைக் கனைக்கிற சத்தம். பிறகு தனகோட்டியின் குரல், கேட்டில் நிற்கிறவர்களிடம் பேசுகிற அதே அதிகாரத்தோடு. "விஜி, நல்லா கேட்டுக்க. கண்ணு மஞ்சளாச்சின்னா காமாலதான், வேற ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு போயி ஊசி மட்டும் போட்டுக்காத சாமி. மூணு நாளு பொறுத்துக்க. உப்பில்லாம சாப்புட்டுகினு படுத்துக் கெட. மூணு நாள்ல எறங்கலன்னா ஏன்னு கேளு. எத்தினி பேரப் பாத்திருக்கேன்! அப்பா சொல்றேன், கேளு."

வெளியே கேட்டில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். "ஐயா, மருந்து" என்று குரல் வந்தது.

"நாலு மாசம்" என்றாள் அன்பு. "நாலு மாசமா எங்கூட உக்காந்து சோறு தின்னீங்களே மாமா. ஃபோனு கெட்டுப்போச்சின்னீங்களே. எங்கிட்ட ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அழுது பொரண்டாவது அவர ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பனே! நீங்க சொன்னா கேப்பாருன்னு தெரியுமில்ல? தெரிஞ்சிதான சொன்னீங்க?"

தனகோட்டி வாயைத் திறந்தார். காமாலை என்றுதான் நினைத்தேன் என்று சொல்ல வந்தார். அட்டையைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும் என்பதும் கூடவே தொண்டைக்கு வந்தது. இரண்டும் ஒன்றையொன்று அடைத்துக்கொண்டு ஒன்றும் வெளியே வரவில்லை. ஆனந்த்ராஜ்தான், "அன்பு, அவரு வேணும்னு..." என்று ஆரம்பித்தான். "நீங்க சும்மா இருங்கண்ணா. நீங்களும் அழிக்கத்தான வந்தீங்க?" என்றாள் அவள். அவன் தலையைக் குனிந்துகொண்டு முன்பக்கமாக வெளியே போய்விட்டான்.

அன்று சாயங்காலம் அன்பு துணிமணியைக் கட்டிக்கொண்டு குறிஞ்சிப்பாடியில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று தனகோட்டி நினைத்தார். போகவில்லை. போயிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். ஒரு சண்டையும் போடவில்லை. மூன்று வேளையும் சோறு போட்டாள். ஆனால் பேசவில்லை. "மாமா" என்கிற வார்த்தை அந்த வீட்டில் நின்றுபோயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டில் ஆறு பேர் நின்றார்கள். தனகோட்டி வெறுங்கையோடு வந்தார்.

"இங்க மருந்து கெடையாது. ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. ஊசி போடச் சொன்னா போட்டுக்குங்க."

ஒருவரும் நகரவில்லை. "என்னாங்கய்யா இப்படிச் சொல்றீங்க, உங்கள நம்பித்தான வந்தோம்?" என்றார் ஒருவர். "காலைலேருந்து பச்சத்தண்ணி குடிக்கலிங்க" என்றார் இன்னொருவர். குள்ளமாக இருந்த ஒரு ஆள் மட்டும், "பெரிய ஆபீசருன்னா குடுப்பாரு, நம்மளுக்குக் குடுக்கமாட்டாரு" என்று முணுமுணுத்தான். தனகோட்டிக்கு வழக்கமாக வருகிற கோபம் வரவில்லை. "எம் புள்ளைக்கு இதத்தாம்பா சொன்னேன். ஊசி வேணாம்னு சொன்னேன். செத்துட்டான்" என்றார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். உள்ளே வந்து குழாயடியில் இருந்த செடி அத்தனையும் வேரோடு பிடுங்கிப் போட்டார். இரண்டு வாரத்தில் அது திரும்ப முளைத்தது. தண்ணீர் கசிகிற இடத்தில் அது முளைக்காமல் என்ன செய்யும்?

தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் அன்பு காயத்ரியை மடியில் உட்காரவைத்து அந்த ஃபோனைப் போடுவாள். "அப்பா பேசறாரு கேளு" என்பாள். அப்பா பேசுவதை மட்டும் போட்டிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. முதலில் மேலே இருப்பது, அப்புறம் கீழே இருப்பது. முதலில் தாத்தா, அப்புறம் அப்பா. பழிவாங்கவா, இல்லை ஒன்றை விட்டு ஒன்றைக் கேட்க அவளாலும் முடியவில்லையா, யார் கண்டது? தனகோட்டி கூடத்தில் உட்கார்ந்து இரண்டையும் கேட்பார். எழுந்து வெளியே போகலாம், போகமாட்டார். மகன் குரலுக்காகத் தன் குரலைத் தினமும் சகித்துக்கொண்டார்.

அப்படியே மூன்று வாரம் போனது. ஒரு நாள் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிய தனகோட்டி கூடத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அன்பு சமையலறையில் அவருக்கு டிபன் கேரியர் கட்டிக்கொண்டிருந்தாள். காயத்ரி எதிரே தரையில் பொம்மையைப் படுக்கவைத்து, அதற்குத் துண்டு போர்த்தியிருந்தாள். பொம்மைக்கு ஜுரமாம். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். தாத்தா கனைப்பாரே, அதே மாதிரி. பிறகு விரலை ஆட்டிச் சொன்னாள்:

"ஊசி மட்டும் போட்டுக்காத சாமி. மூணு நாளு பொறுத்துக்க. அப்பா சொல்றேன், கேளு."

தனகோட்டியின் கையிலிருந்து கயிறு நழுவியது. ஒரு காலில் பூட்ஸும் மறு கால் வெறுங்காலுமாக குழந்தையிடம் தவழ்ந்து போனார்.

"இல்ல பாப்பா. வேணாம். அப்படிச் சொல்லாத. பொம்மைக்கு ஊசி போடு. தூக்கினு போயி ஆஸ்பத்திரில சேத்துடு. ஓடு."

"தாத்தா அப்படித்தான சொல்லுச்சி ஃபோன்ல?"

"தாத்தா தப்பாச் சொல்லிட்டேன் சாமி."

குழந்தை பொம்மையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. "அப்போ, அப்பாவுக்கு ஏன் ஊசி போடல?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. தனகோட்டிக்கு அது கேட்டது. அன்பு கதவருகே வந்து நிற்பதும் தெரிந்தது. அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"ஊசி போட்டதா அட்டை கொண்டாந்து காட்டினான் உங்கப்பன். அது பொய்யின்னு எனக்குத் தெரியும். தேதியப் பாத்தேன். பாத்துட்டு, பத்திரமா வெச்சிக்கன்னு சொன்னேன். அப்புறம் ஜொரம் வந்து கேட்டான். அப்பவும் வேணாம்னு சொன்னேன். ரெண்டு தடவையும் நான்தான் பாப்பா."

காயத்ரிக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினாள். அம்மாவின் கொண்டை ஊசியை எடுத்துப் பொம்மையின் கையில் மெதுவாகக் குத்தினாள். "வலிக்காது, அழக்கூடாது" என்று அதைத் தட்டிக்கொடுத்தாள்.

அன்பு வந்து டிபன் கேரியரை அவர் பக்கத்தில் வைத்தாள். அட்டை பொய் என்பது அவருக்கு அப்போதே தெரியும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. ஏதாவது கேட்பாள், திட்டுவாள், அடித்தாலும் அடிக்கட்டும் என்று தனகோட்டி தரையிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பொம்மையையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தனகோட்டி இன்னொரு பூட்ஸைத் தேடி எடுத்து மாட்டினார்.